நிற்கும் வண்டி: விற்பதா, வைத்துக் கொள்வதா?

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கே.ஜி.எஃப். என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நூறு ஆண்டுக்கு மேல் அங்கே தங்கம் எடுத்தார்கள். பூமிக்குள் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். வேலை செய்தவர்களில் நிறையப் பேர் தமிழ்க் குடும்பங்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள்.

அதன் பிறகு ஊரில் வேலை இல்லை. வேலை பெங்களூரில் இருக்கிறது. பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர் தூரம். விடியும் முன்பே ஆண்களும் பெண்களும் மாரிக்குப்பம், உரிகம் ஸ்டேஷன்களில் ரயில் ஏறுகிறார்கள். இரவுதான் வீடு திரும்புகிறார்கள்.

இவர்களில் பலர் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கும். ஆனால் அது ஓடுவது குறைவு. ஆள் ரயிலில் போய்விடுகிறார். வண்டி திண்ணை ஓரத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை துடைப்பார்கள். மறுபடியும் நிற்கும்.

நிற்கும் வண்டிக்குச் செலவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியா? அப்படி ஒரு வீட்டை எடுத்துக் கொண்டு கணக்குப் பார்ப்போம்.

அந்த வீட்டில் அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அப்பா இறந்துவிட்டார். வண்டி அப்பா வாங்கியது. 2013-இல் வாங்கிய 100 சி.சி. மோட்டார் சைக்கிள். மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். தினமும் ரயிலில் போய் வருகிறான். மகள் நர்சிங் படிக்கிறாள்.

மகளின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது. அம்மா தன் கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். 20,000 ரூபாய் வாங்கினார். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. தங்கம் எடுத்த ஊரில், தங்கம் எடுத்தவர் மனைவியின் நகை அடகுக் கடையில் இருக்கிறது. இது அந்த ஊரில் புதிதல்ல.

ஒரு நாள் கடையிலிருந்து கடிதம் வந்தது. தவணை முடியப் போகிறது, நகையை மீட்கா விட்டால் ஏலம் போகும் என்று எழுதியிருந்தது.

“வண்டியை வித்துடலாமாடா?” என்று அம்மா கேட்டார்.

“அப்பா வண்டிம்மா. அவசரத்துக்கு ஒண்ணு வேணாமா?” என்றான் மகன்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நகை போனால் திரும்ப வாங்க முடியாது. வண்டி போனாலும் இந்த விலைக்கு வேறு வண்டி கிடைக்காது. வாய்ச் சண்டை போட்டால் முடிவு வராது. அம்மா வேறு வழி செய்தார்.

காலண்டரில் ஒரு கோடு

அம்மா நாற்பது வயதுக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றவர். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் காலண்டரில்தான் எழுதுவார். வண்டியை எடுக்கும்போதெல்லாம் அதில் ஒரு கோடு போட்டு வந்தார். பக்கத்தில் எதற்காக எடுத்தார்கள் என்று ஒரு சொல் எழுதினார். ஜனவரியில் தொடங்கியது. ஜூன் முடிய ஆறு மாதம். எண்ணிப் பார்த்தால் 11 கோடு இருந்தது.

அந்த 11 என்ன என்ன? மகனுக்கு நேரமாகிவிட்டதால் ஸ்டேஷனுக்கு வண்டியில் போனது 4 தடவை. மார்க்கெட்டுக்கு 2 தடவை. மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை. மகனின் நண்பர்கள் இரவல் வாங்கிப் போனது 3 தடவை. மீதி ஒன்று? வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக் கடைக்குத் தள்ளிக் கொண்டு போனது. அதுவும் ஒரு கோடுதான்!

நண்பர்கள் எடுத்ததும் தள்ளிக் கொண்டு போனதும் வீட்டுக்கான பயணம் இல்லை. அவற்றைக் கழித்தால் மீதி 7. ஆறு மாதத்தில் 7 என்றால் வருடத்தில் 14.

மகனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாரம் ஒரு தடவையாவது எடுக்கிறோம் என்று அவன் நினைத்துக் கொண்டிருந்தான். மனசு சொல்லும் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

செலவு எவ்வளவு?

அடுத்து அம்மா செலவை எழுதச் சொன்னார். மகள் எழுதினாள்.

முதலில் இன்சூரன்ஸ். நம் வண்டி இன்னொருவர் மேல் மோதினால் அவருக்கு இழப்பீடு தர வேண்டும். அதற்கான இன்சூரன்ஸ் இல்லாமல் தெருவில் வண்டி ஓட்டக் கூடாது. இது மோட்டார் வாகனச் சட்டம். 2022 ஜூன் மாதம் இதற்குக் கட்டணம் நிர்ணயித்தார்கள். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு வருடத்துக்கு 714 ரூபாய். வரி சேர்த்தால் 843 ரூபாய் வருகிறது.

‘வண்டி சும்மா நிற்கிறது, இன்சூரன்ஸ் எதற்கு?’ என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நிற்கும் வண்டி யாரையும் இடிக்காது. உண்மைதான். ஆனால் என்றாவது ஒரு நாள் அவசரமாக எடுப்பார்கள். அந்த ஒரு நாளில் விபத்து நடந்தால்? இழப்பீடு லட்சக் கணக்கில் வரும். வீட்டை விற்றாலும் போதாது. போலீஸ் பிடித்தால் அபராதம் தனி. 2019-இல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம்.

பிறகு புகைப் பரிசோதனைச் சான்று. அதற்கு 110 ரூபாய் என்று எழுதினார்கள். ஆயில் மாற்ற, சர்வீஸ் செய்ய 700 ரூபாய். பேட்டரி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போய்விடுகிறது. புதிது 1,300 ரூபாய். வருடத்துக்கு 650. பஞ்சர், பிளக், ஒயர் என்று சில்லறைச் செலவு 500 ரூபாய்.

கூட்டினால் 2,803 ரூபாய். 2,800 என்று வைத்துக் கொள்வோம். பெட்ரோல் இதில் சேரவில்லை.

இது கையிலிருந்து போகும் பணம். கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணமும் உண்டு. போன வருடம் இந்த வண்டியை 22,000 ரூபாய்க்குக் கேட்டார்கள். இந்த வருடம் 19,500-க்குக் கேட்கிறார்கள். ஒரே வருடத்தில் 2,500 ரூபாய் குறைந்துவிட்டது. ஓடினாலும் குறையும். நின்றாலும் குறையும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அம்மாதான் சொன்னார். “வண்டியை வித்தா நகையை மீட்கலாம் இல்லே? மீட்காம வட்டி கட்டறோமே, அதுவும் வண்டிச் செலவுதானே?”

சரியான கேள்வி. 20,000 ரூபாய்க்கு மாதம் 200 ரூபாய் வட்டி. வருடத்துக்கு 2,400.

2,800, 2,500, 2,400. மொத்தம் 7,700 ரூபாய். வருடத்தில் 14 பயணம். ஒரு பயணத்துக்கு 550 ரூபாய்! ஆட்டோவில் போய் வந்தால் 200 ரூபாய். 14 தடவைக்கு 2,800 ரூபாய்தான் ஆகும்.

எல்லா வீட்டிலும் இதே கணக்கு வராது. கடன் இல்லாத வீட்டில் வட்டி என்ற வரி இருக்காது. ஆட்டோ கிடைக்காத ஊரில் 200 ரூபாய் என்று எழுத முடியாது. எண்கள் மாறும். போடும் முறை ஒன்றுதான்.

அவசரத்துக்கு உதவுமா?

மகன் இன்னும் ஒப்புக் கொள்ளவில்லை. “ராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லேன்னா என்ன பண்றது?” என்றான்.

இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறுகிறவரை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துப் போவது ஆபத்து. நெஞ்சு வலிக்காரரும் அப்படித்தான். வழியில் மயங்கி விழுந்தால் பிடிக்க முடியாது. இப்படிப்பட்ட நேரத்தில் 108-க்குப் போன் செய்வதே நல்லது. ஆம்புலன்சில் ஆக்சிஜன் இருக்கும். பயிற்சி பெற்றவர் இருப்பார்.

இன்னொரு விஷயம். இரண்டு மாதம் நின்ற வண்டி நள்ளிரவில் கிளம்புமா? பெரும்பாலும் கிளம்பாது. ஏன் கிளம்பாது என்று மெக்கானிக் கடைக்காரர் மகனுக்கு விளக்கினார்.

“பெட்ரோல் காத்துல ஆவியாப் போகும் தம்பி. கார்புரேட்டர்ல கொஞ்சம் பெட்ரோல் எப்பவும் நிக்கும். நாள் ஆக ஆக அது வத்திப் போகும். அடியில பிசின் மாதிரி ஒட்டிக்கும். அதுல இருக்கிற ஓட்டை ஊசி முனை அளவுதான். அது அடைச்சிட்டா எத்தனை உதை உதைச்சாலும் வண்டி எழுந்திருக்காது.”

“புது வண்டிக்கும் அப்படித்தானா பாய்?”

“2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியில பெரும்பாலும் கார்புரேட்டரே இல்லை. எல்லாம் இன்ஜெக்‌ஷன். அதுக்கு பேட்டரி நல்லா இருக்கணும். நிக்கிற வண்டியில முதல்ல சாகறது பேட்டரிதான்.”

இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாங்கில் பாதி பெட்ரோலோடு வண்டி நெடுநாள் நின்றால், காலியாக உள்ள மேல் பாதியில் ஈரம் சேரும். உள்ளே துரு பிடிக்கும். பேட்டரியும் அப்படித்தான். பயன்படுத்தாமல் இருந்தாலும் அது தானாகவே இறங்கும். இறங்கிய நிலையில் பல வாரம் கிடந்தால் உள்ளே தகட்டின் மேல் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் பிடிக்காது. டயர் ஒரே இடத்தில் அழுந்தி வெடிப்பு விடும். செயின் துருப்பிடிக்கும். எலி ஒயரைக் கடிக்கும். ஏர் ஃபில்டருக்குள் கூடு கட்டும்.

அவசரத்துக்கு என்று வைத்த வண்டியை அவசரம் இல்லாத நாளிலும் ஓட்டிக் கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் அவசரத்துக்கு அது உதவாது. மகனால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

வைத்துக் கொள்ள வேண்டிய வீடும் உண்டு

எல்லோரும் விற்றுவிட வேண்டும் என்று இல்லை. தங்கவயலிலிருந்து கொஞ்ச தூரத்தில் பேத்தமங்கலம் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே சில கிராமங்கள். பஸ் நேரத்துக்கு வராது. கூப்பிட்டால் ஆட்டோ வராது. அங்கே ஒரு வீட்டில் மாதம் இரண்டு தடவைதான் வண்டி எடுக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒன்று, சர்க்கரை நோய் உள்ள பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. மற்றொன்று, மாட்டு டாக்டரைக் கூட்டி வர. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் வண்டி இல்லாவிட்டால் அந்த இரண்டு காரியமும் நடக்காது. அந்த வீட்டில் வண்டி இருக்கட்டும்.

வைத்துக் கொள்வது என்று முடிவு செய்தால் அதை உயிரோடு வைத்துக் கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓட விட்டு நிறுத்தினால் போதாது. எஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் நிறுத்தினால் சைலன்சருக்குள் ஈரம் தங்கிவிடும். நிறுத்தும்போது நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பெட்ரோல் குழாயை மூட வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டு இறுக மூடக் கூடாது. உள்ளே வேர்க்கும், துரு பிடிக்கும். பழைய பருத்திப் புடவை போதும். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கலாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும்.

சாவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுத்தால் கொடுத்தவருக்கும் தண்டனை. 18 வயது ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் நடந்தால் சட்டம் இன்னும் கடுமை. பெற்றோருக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவை 12 மாதத்துக்கு ரத்து செய்வார்கள். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சும்மா நிற்கும் வண்டியின் சாவிதான் பையன்கள் கைக்கு எளிதில் போகிறது.

பதிவு தேதியையும் பார்த்துக் கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிள் பதிவு 15 வருடத்துக்குத்தான். பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குக் கொடுப்பார்கள். புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 300 ரூபாய். 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 15 வருடம் நெருங்க நெருங்க வாங்குகிறவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். விற்பதென்றால் ஓரிரு வருடம் முன்பே விற்பது நல்லது. அந்த வீட்டு வண்டிக்கு 2028-இல் 15 வருடம் முடியும்.

யார் பேரில் இருக்கிறது?

விற்பது என்று முடிவாயிற்று. ஆனால் இறந்தவர் பேரில் வண்டி இருந்தால் யாரும் விற்க முடியாது. நல்ல வேளை, இந்த வீட்டில் அந்த வேலை முன்பே முடிந்திருந்தது. சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டு வாரிசு மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம். அதற்குள் தன் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 31-ஆம் எண் படிவம். இறப்புச் சான்றும் வாரிசுக்கான ஆதாரமும் வேண்டும். அப்பா இறந்தபோது அக்கம் பக்கத்தார் சொல்லி, வண்டியை அம்மா பேருக்கு மாற்றியிருந்தார்கள். எனவே இப்போது விற்கும் உரிமை அம்மாவுக்குத்தான். கையெழுத்தும் அவருடையதுதான்.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு புரோக்கர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“அக்கா, 21,000 தர்றேன். பணம் இப்பவே கையில. இந்த ரெண்டு பாரத்துல கையெழுத்து மட்டும் போடுங்க. மிச்சம் எல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

மற்றவர்கள் சொன்னதை விட 1,500 ரூபாய் கூடுதல். மகனுக்குச் சந்தோஷம். பேனாவை எடுத்துக் கொடுத்தான். அம்மா பாரத்தை மகளிடம் கொடுத்தார். “என்ன எழுதியிருக்குன்னு படி” என்றார்.

அவை 29-ஆம் எண், 30-ஆம் எண் படிவங்கள். வண்டியை விற்றதாகச் சொல்லும் படிவம் ஒன்று. பேர் மாற்றக் கேட்கும் படிவம் மற்றொன்று. மகள் படித்தாள். “வாங்கறவங்க பேர் எழுதற இடம் காலியா இருக்கும்மா. தேதியும் இல்லை.”

“வாங்கறது யாரு தம்பி?” என்று அம்மா புரோக்கரைக் கேட்டார்.

“அதெல்லாம் கஸ்டமர் கிடைச்சதும் எழுதிக்கலாம் அக்கா. எல்லாரும் இப்படித்தான் போடறாங்க.”

எல்லாரும் போடுகிறார்கள் என்பது உண்மைதான். அதனால் என்ன நடக்கிறது?

2007-இல் ஒருவர் தன் காரை விற்றார். வாங்கியவர் பேர் மாற்றவில்லை. அவர் இன்னொருவருக்கு விற்றார். அவரும் மாற்றவில்லை. கார் இப்படியே பல கை மாறியது. 2009-இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. இழப்பீடு யார் கொடுப்பது? முதலில் விற்றவர், ‘நான் இரண்டு வருடம் முன்பே விற்றுவிட்டேன்’ என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவுப் புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்று நீதிபதிகள் சொன்னார்கள். அடிபட்ட குடும்பம் காரை வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடி அலைய முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான். காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வண்டி போய்விடும். பொறுப்பு போகாது. புரோக்கர் கடையில் வண்டி ஆறு மாதம் நிற்கலாம். யார் யாரோ ஓட்டலாம். விபத்து நடந்தாலும், திருட்டுக்கு அந்த வண்டியைப் பயன்படுத்தினாலும் போலீஸ் முதலில் வருவது அம்மா வீட்டுக்குத்தான்.

அம்மா பேனாவை மூடி வைத்தார். “வாங்கறவரையே கூட்டிட்டு வாங்க தம்பி. அவர் பேரை எழுதின பிறகு நான் கையெழுத்துப் போடறேன்.”

புரோக்கர் போனவர் திரும்பி வரவில்லை.

பேர் மாறும் வரை

வாணியம்பாடியிலிருந்து ஒருவர் வந்து கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் வாணியம்பாடி தமிழ்நாடு. வண்டி கர்நாடகப் பதிவு. தங்கவயல் ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பக்கத்தில் இருக்கிற ஊர். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் அங்கே அதிகம். வேறு மாநிலத்தில் பதிய வேண்டுமானால் முதலில் இங்கே உள்ள ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்கு 28-ஆம் எண் படிவம். பிறகு அந்த மாநிலத்தில் வாங்கியவர் சாலை வரி கட்ட வேண்டும். பழைய வண்டிக்கு இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று பலர் பேர் மாற்றாமலே ஓட்டுகிறார்கள். வெளி மாநிலத்தாருக்கு விற்கவே கூடாது என்பதில்லை. சான்றைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுக்கலாம். அவருக்கு அத்தனை நாள் காத்திருக்க முடியவில்லை. போய்விட்டார்.

கடைசியில் ஆண்டர்சன்பேட்டையில் கடை கடையாக முட்டை போடும் வியாபாரி ஒருவர் வந்தார். அவர் வாடகை வண்டியில் தொழில் செய்து கொண்டிருந்தார். 19,000 என்றார். அம்மா 20,000 என்றார். 19,500-இல் நின்றது.

“அண்ணா, பேர் மாத்தற செலவு உங்களோடது. ஆனா ஆபீசுக்கு நானும் வருவேன்” என்றார் அம்மா.

“வாங்கம்மா. எனக்கும் அதுதான் நல்லது. நாளைக்கு வண்டி என்னதுன்னு சொல்ல எனக்கும் காகிதம் வேணுமே” என்றார் வியாபாரி.

வண்டி கொடுக்கும் முன் மகன் இரண்டு காரியம் பார்த்தான். வண்டியின் மேல் பழைய போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தான். நண்பன் ஓட்டியபோது விழுந்த ஒரு அபராதம் இருந்தது! அதைக் கட்டினான். கடன் போட்டு வாங்கிய வண்டியா என்றும் பதிவுப் புத்தகத்தில் பார்த்தான். கடன் கொடுத்தவர் பேர் அதில் இருந்தால், கடன் தீர்ந்தது என்று அவரிடம் கடிதம் வாங்கி, 35-ஆம் எண் படிவம் கொடுத்து, அந்தப் பேரை நீக்க வேண்டும். இந்த வண்டி ரொக்கத்துக்கு வாங்கியது. அந்த வேலை இல்லை.

பணம் வாங்கியபோது ஒரு ரசீது எழுதினார்கள். இரண்டு பிரதி. மகள் சொல்லச் சொல்ல அம்மாவே எழுதினார். அது இப்படி இருக்கும்:

“……… எண் உள்ள மோட்டார் சைக்கிளை (எஞ்சின் எண் ………, சேசிஸ் எண் ………) ……… ஊர் ……… என்பவருக்கு ……… ரூபாய்க்கு விற்று, முழுப் பணமும் பெற்றுக் கொண்டேன். வண்டியையும் சாவியையும் பதிவுப் புத்தகத்தையும் ……… தேதி, காலை/மாலை ……… மணிக்கு ஒப்படைத்தேன். அந்த நேரம் முதல் வண்டிக்கு வாங்கியவரே பொறுப்பு.”

கீழே விற்றவர், வாங்கியவர் இருவர் கையெழுத்து. இரண்டு சாட்சி. வாங்கியவரின் அடையாள அட்டை நகல். மணி எழுதுவது எதற்கு என்று மகன் கேட்டான். காலையில் விற்ற வண்டி மாலையில் விபத்தில் சிக்கினால்? எந்த நேரத்தில் யார் கையில் இருந்தது என்று காட்ட அது உதவும். ஆனால் ரசீது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பதிவில் பேர் மாறினால்தான் பொறுப்பு தீரும்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். இன்சூரன்சிலும் பேர் மாற்ற வேண்டும். அதை வாங்கியவர் 14 நாளுக்குள் கேட்க வேண்டும். அம்மா இந்த நாட்களையும் காலண்டரில் குறித்து வைத்தார். மூன்றாம் நாளே வியாபாரியோடு ஆபீசுக்குப் போனார். பேர் எழுதிய படிவத்தில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார்.

வண்டி போன அன்று மகன் வீட்டில் இருக்கவில்லை. ரயில் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டான். அப்பாவின் ஹெல்மெட்டை மட்டும் கொடுக்கவில்லை. அது பரணில் இருக்கிறது.

19,500 ரூபாயோடு மகன் தன் சம்பளத்திலிருந்து மீதியும் வட்டியும் போட்டான். ஏலத் தேதிக்கு ஒன்பது நாள் முன்பு நகை வீட்டுக்கு வந்தது. ஆனாலும் அம்மா காலண்டரில் ஒரு குறிப்பை அடிக்காமல் வைத்திருந்தார். ‘ஆர்.சி. நகல்’ என்று எழுதியிருந்தது. சில வாரம் கழித்து வியாபாரி முட்டைக் கூடையோடு அந்த வழியாக வந்தார். தன் பேர் போட்ட புதுப் பதிவுச் சான்றின் நகலைக் கொடுத்தார். அம்மா பேரையும் வண்டி எண்ணையும் ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் குறிப்பை அடித்தார்.